தையல்காரர் அளவெடுத்த றப்பர் களிசான்

என் மனைவி என்னை நம்புவதில்லை. என் கால்களை அதைவிடவும் நம்புவதில்லை. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

போன மழைக்காலத்தில் திகனப் பக்கம் நீர்த்தேக்கக் கரையில் வெறுங்காலுடன் இறங்கி, இடது சுண்டுவிரலைச் சிப்பி ஓட்டில் கீறிக்கொண்டு வந்தேன். அரை அங்குலக் கீறல். சீனி வருத்தக்காரனின், அதாவது நீரிழிவுக்காரனின், காலில் அரை அங்குலம் ஆற மூன்று மாதம் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மருந்து கட்டப் போகும்போதெல்லாம் மனைவியும் கூடவே வந்தாள். கிளினிக்கில் மருந்து கட்டுகிற மிஸ் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். நான் கண்டியில் கொப்பி பென்சில் விற்கிற கடைக்காரன். என் கடைக் கொப்பியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயாரானது. புண் ஆறிய அன்று தீர்ப்பும் வந்தது.

"இனிமே ஆத்துத் தண்ணியில கால் நனையக் கூடாது. ஒரு தரம் நனைஞ்சு வந்தாலும் சரி, அந்தக் கயாக்க வித்துருவேன்."

சொன்னால் செய்கிறவள். என் மோட்டார் சைக்கிளைக் கேட்டால் தெரியும். நான் ஒரு முறை விழுந்தேன், அது அடுத்த கிழமையே வேறொருவர் வீட்டுக்குப் போய்விட்டது.

கயாக் என்கிற அந்த ஒற்றையாள் துடுப்புப் படகு நான் ஐம்பது வயதுக்குப் பிறகு கண்டுபிடித்த சந்தோஷம். மூடப்பட்ட ஒரு ஹோட்டலின் சொந்தக்காரனிடமிருந்து நானும் என் கூட்டாளியும் ஆளுக்கொன்று வாங்கினோம். கூட்டாளி கட்டுகஸ்தோட்டையில் டயர்க் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர், என் வயது. இரண்டு கயாக்கும் தெரிந்தவர் ஒருவரின் கரையோரத் தோட்டத்தில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்பிட்டியவிலிருந்து நான் புறப்பட்டுப் போக, அவர் அங்கே பிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு நிற்பார். பத்து மணி வரை தூண்டில் போடுவோம். கடையில் நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசுகிற இரண்டு பேர் நான்கு மணி நேரம் பேசாமல் இருப்பதற்கு அந்த நீர்த்தேக்கம் ஒன்றுதான் இடம்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கயாக் உள்ளே நுழைந்து உட்காருகிற வகை இல்லை. பலகை மாதிரி மேலே உட்கார வேண்டும். உட்காருகிற பள்ளத்திலும் கால் வைக்கிற பள்ளத்திலும் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும். கால் நனையாமல் அதில் மீன் பிடிக்க வேண்டுமென்றால் கால்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இந்தத் துயரத்தைக் கனடாவில் இருக்கும் மைத்துனரிடம், அதாவது மனைவியின் தம்பியிடம், தொலைபேசியில் கொட்டினேன். அவர் உடனே ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே பச்சை நிறத்தில், பாதத்தில் சப்பாத்தும் தோளில் வாரும் சேர்ந்தபடி, நெஞ்சு வரைக்கும் வருகிற ஒரு உடுப்பு இருந்தது. அங்கே அதற்கு வேடர்ஸ் என்று பெயராம். எங்கள் வீட்டில் அது பார்சலை விட்டு வெளியே வந்த நிமிடமே றப்பர் களிசான், அதாவது றப்பர் காற்சட்டை, ஆகிவிட்டது.

ஆறடிக் கனடாக்காரனுக்காகச் செய்தது அது. நான் ஐந்தடி மூன்று அங்குலம். போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நின்றபோது மேல் விளிம்பு என் தாடையில் இடித்தது. இரண்டு பக்கமும் இன்னொரு ஆள் குடியிருக்கலாம். மனைவி கதிரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்படிச் சிரித்ததால்தான் அனுமதியும் கிடைத்தது. "சரி, இத உடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா வந்ததும் சொக்ஸத் தொட்டுப் பாப்பேன்."

நான் கவனமில்லாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த உடுப்பைப் பற்றிக் கைப்பேசியில் எத்தனையோ காணொளி பார்த்தேன். எல்லா வெள்ளைக்காரரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தொளதொளவென்று இருக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே போனால் கால் பாரமாகி நீந்த முடியாது. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும், கவிழ்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீரை அதுதான் தடுக்கும். மிதவை அங்கி களிசானுக்கு மேலே வர வேண்டும். முதலில் முழங்கால் ஆழத்தில் நின்று பழக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டேன். 'தொளதொளவென்று இருக்கக் கூடாது' என்ற முதல் வசனம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது.

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அனுப்புகிற எந்த உடுப்பும் எங்கள் ஆட்களுக்கு அளவாக வந்ததாகச் சரித்திரம் இல்லை. கோட்டோ, ஜீன்ஸோ, நேராகத் தையல்காரரிடம் போகும். அவர் 'ஓல்ட்டர்' பண்ணித் தருவார். இது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம், யோசிக்கவே மாட்டோம். றப்பர் களிசானையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

எங்கள் தையல்காரர் கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். டவுனில் ஒரு மாடிப்படியின் கீழே முப்பது வருடமாக மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார். களிசானை மேசையில் விரித்து, உள்ளே கையை விட்டு, இழுத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"இது என்னா மொதலாளி, கூடாரமா?"

"மீன் பிடிக்க உடுக்கிறது. எனக்கு அளவா ஆக்கித் தர ஏலுமா?"

"வெள்ளக்காரன் தைச்சத நான் பிரிச்சுத் தைக்க மாட்டேனா? சனிக்கெழம வாங்க."

சனிக்கிழமை போனேன். மனிதர் உண்மையிலேயே ஒரு கலைஞர். இரண்டு பக்கமும் அக்குள் முதல் கணுக்கால் வரை வெட்டி, இரட்டைத் தையல் போட்டிருந்தார். உயரத்தைக் குறைத்திருந்தார். பெல்ட் கோர்க்கிற வளையங்களைக் காணவில்லை. "இடுப்பு இப்ப கணக்கா நிக்குதே, பெல்ட் என்னாத்துக்கு?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பின்பக்கத்தில் நான் கேட்காத ஒரு பொக்கெட் வேறு, சும்மா. அயர்ன் பண்ணப் போனாராம், நாற்றம் வந்ததால் விட்டுவிட்டாராம். வீட்டில் உடுத்திக் காட்டியபோது மனைவி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "கல்யாண வீட்டுக்கே போகலாம் போலருக்கு" என்றாள். நானும் கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

தையல் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை என்ற விஷயம் எங்கள் மூன்று பேரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. மூன்று பேருமே ஊசி நூலோடு பழகியவர்கள். மூன்று பேருமே தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் என்னைக் கண்டதும் கூட்டாளி வாயிலிருந்த தேத்தண்ணீரை விழுங்க முடியாமல் நின்றார்.

"மச்சான், என்ன இது, ஃபயர் பிரிகேட்டா?"

நான் மேன்மையோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அவர் டயர்க்காரர், றப்பரோடு சீவிக்கிறவர். தையலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். நல்லவேளை, அல்லது கெட்டவேளை, அதற்குள் அவர் கண் இடுப்புக்குப் போய்விட்டது.

"பெல்ட் எங்க? பெல்ட் இல்லாம இத உடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போக ஏலா. மேலால தண்ணி வந்திச்செண்டா ஒன்ன கீழுக்கு இழுத்துரும்."

"அளவா தைச்சிருக்கு மச்சான். பெல்ட் தேவையில்லையாம்."

"யாரு செல்லிய?"

"தையல்காரர்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் சாரத்தின் மேல் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டைக் கழற்றினார். வியாபாரிகள் கட்டுவார்களே, பொக்கெட் வைத்த, நாலு விரல் அகலப் பெல்ட், அதுதான். அதை என் இடுப்பில் மூச்சு முட்ட இறுக்கினார். மிதவை அங்கியை அதற்கு மேல் மாட்டி விட்டார். தன் சாரத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே போய்த் தன் கயாக்கில் ஏறினார். முழங்கால் தண்ணீரில் சிறிது நேரம் நின்று பார்க்கச் சொன்னார். வீட்டிலேயே போட்டுப் பார்த்தாயிற்று என்று சொல்லித் துடுப்பைப் போட்டேன்.

முதல் அரை மணி நேரம் நான் ராஜா. கால் பள்ளத்துத் தண்ணீர் என் சப்பாத்தைச் சுற்றி அலைகிறது, உள்ளே நான் காய்ந்து கிடக்கிறேன். கால் மேல் கால் போடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு வெயில் ஏறியது. திகன வெயில் கண்டி வெயிலைப் போல மரியாதை தெரிந்தது அல்ல. உடுப்புக்குள் தொடையோரம் ஈரம் தட்டியது. வியர்வை என்று நினைத்தேன். ஈரம் முழங்காலுக்கு இறங்கியது. நல்ல வியர்வை என்று நினைத்தேன். சப்பாத்துக்குள் 'சளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மனிதனுக்குள் இவ்வளவு வியர்வை இருக்குமா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

அதற்கு அடுத்து வந்த சந்தேகத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சீனி வருத்தக்காரன் மணிக்கொரு தரம் ஒதுங்கப் போகிறவன். கரையில் கூட்டாளி ஊற்றிக் கொடுத்த இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரையும் குடித்திருந்தேன். இந்த உடுப்பை அவிழ்க்கக் கால் மணி நேரம் வேண்டும். எனக்குத் தெரியாமலே நடந்துவிட்டதா? கூட்டாளியைக் கூப்பிட்டு, 'மச்சான், உள்ளே நனைந்திருக்கிறது, ஆனால் எப்படி என்று தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? அந்தக் கதை மறுநாள் காலையில் கட்டுகஸ்தோட்டைச் சந்தி முழுக்கப் பரவியிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டு, மிகக் கௌரவமாக, மீன் பிடித்தேன்.

தூண்டில் முள் தண்ணீருக்குள் நின்ற பட்டமரம் ஒன்றில் சிக்கியது. எடுக்கச் சாய்ந்தேன். உள்ளே இருந்ததெல்லாம் என்னோடு சேர்ந்து சாய்ந்தது. அடுத்த நிமிடம் கயாக் தலைகீழாகவும் நான் தண்ணீரிலும் இருந்தோம்.

மிதவை அங்கி என்னைத் தூக்கிப் பிடித்தது. பெல்ட் மேலிருந்து ஒரு சொட்டும் உள்ளே போக விடவில்லை. கீழே அடைபட்ட காற்று இரண்டு சப்பாத்தையும் மேலே கொண்டு வந்தது. ஆகவே நான் மூழ்கவில்லை. மல்லாந்து, தலையும் பாதங்களும் மட்டும் வெளியே தெரிய மிதந்தேன். தையல் வழியே குளிர்ந்த தண்ணீர் பொடிப்பொடியாகக் குத்திக்கொண்டு உள்ளே வருவது அப்போதுதான் இடுப்பில் நன்றாகத் தெரிந்தது. எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. அப்பாடா, நான் இல்லை, தையல்காரர்!

கூட்டாளி என் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே துடுப்புப் போட்டார். சாரம் அவிழ்ந்து போகாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் அவரால் திட்டவும் முடியவில்லை. கரையில் என்னைப் படுக்க வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு காலையும் பிடித்து மேலே தூக்கினார். பாதித் தண்ணீர் என் கழுத்து வழியே வந்தது. மீதி இரண்டு பக்கத் தையலிலும் வரிசையாகப் பீச்சி அடித்தது. கொஞ்சம் தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள்.

"இதுக்கு பெச் போடவும் ஏலா மச்சான்," என்றார் கூட்டாளி, ஓட்டை டயருக்கு ஒட்டுப் போடுகிறவரின் கண்ணோடு தையலை விரலால் தடவியபடி. "பெச்சு மட்டும்தான் மிஞ்சும்."

சிரித்து முடித்த பிறகுதான் சொக்ஸைக் கழற்றினேன். பாதம் இரண்டும் வெள்ளை வெளேரென்று சுருங்கிப் போயிருந்தன. சிரிப்பு நின்றது. வீட்டில் தொட்டுப் பார்க்க ஆள் காத்திருக்கிறது. கயாக் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

"பயப்படாத," என்றார் கூட்டாளி. "காய வெச்சா தெரியாது."

இந்த மாதிரிக் காரியங்களில் அவர் மூளை நன்றாக வேலை செய்யும். உள்ளே போட்டிருந்ததையெல்லாம் வெயிலில் காய வைத்துப் போட்டுக்கொண்டு திகன டவுனுக்குப் போனோம். புதுச் சொக்ஸ் ஒரு சோடி வாங்கினோம். பழையதைப் போலத் தெரிய வேண்டும் என்று அவர் அதைக் கடை வாசல் படியில் நாலு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு ஒரு சலூனுக்குள் என்னைத் தள்ளினார். சிங்கள முடிவெட்டுக்காரர், ஓரளவு தமிழ் பேசுவார். முடி வெட்ட வேண்டாம், காலை மட்டும் அந்த முடி உலர்த்துகிற மெஷினால் காய வைத்துத் தாருங்கள் என்றதும், மனிதர் எங்கள் இருவரின் வாயையும் முகர்ந்து பார்க்கிற தூரத்துக்கு வந்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலைப் போட்டு, என் காலைத் தூக்கி வைத்து, மெஷினைப் போட்டார்.

நான் கதிரையில் சாய்ந்து, மனைவியிடம் சொல்ல வேண்டிய வசனங்களை ஒத்திகை பார்த்தேன். 'தொட்டுப் பாரு, எப்படிக் காஞ்சிருக்கு. உன் தம்பி வாழ்க.'

"சூடா, மாத்தயா?"

"இல்ல, இல்ல. போடுங்க."

அவர் இன்னும் பக்கத்தில் கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் கையை ஆட்டினேன். வாசலில் நின்ற கூட்டாளி உள்ளே எட்டிப் பார்த்தார். ஏதோ சந்தேகம் வந்து, என் விரல்களுக்கும் மெஷினுக்கும் நடுவே தன் கையை நீட்டினார். நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டார்.

"அல்லாவே! நிப்பாட்டுங்க! நெருப்பு மாதிரி ஈக்கிது!"

மெஷின் நின்றது. குனிந்து பார்த்தேன். விரல் நுனிகள் சிவந்திருந்தன. நான் இன்னும் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், சுகமாக.

"ஒனக்குச் சுடல்லயா?" என்றார் கூட்டாளி. அவர் குரல் இறங்கியிருந்தது.

சுடவில்லை. செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் இரண்டடி நடந்து போவது எனக்குச் சில மாதமாகவே உண்டு. அதைச் செருப்பின் குற்றம் என்று வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கொப்பியில் ஏறும், கொப்பியில் ஏறினால் கயாக் இறங்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

அம்பிட்டிய வரை கூட்டாளிதான் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. அது நீர்த்தேக்கத்தில் பேசாமல் இருப்பதைப் போல இல்லை.

மனைவி வாசலிலேயே சொக்ஸைத் தொட்டாள். காய்ந்திருந்தது. அவள் முகம் மலர்ந்தது. எனக்குத் தேவையான வெற்றி கையில் இருந்தது. 'உன் தம்பி வாழ்க' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதை விட்டுவிட்டு, கதிரையில் உட்கார்ந்து நானே சொக்ஸைக் கழற்றிக் காட்டினேன். தையல், தண்ணீர், சலூன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சுடாததையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய் என் மீன் பையைத் திறந்து, தூண்டில் நைலோன் நரம்பில் ஒரு சாண் வெட்டிக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் மிஸ் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று இப்படி ஒரு நரம்பை விரலில் குத்தித்தான் சோதிப்பார்களாம். அடுத்த கதிரையில் ஓர் அம்மாவுக்குச் செய்ததை இவள் பார்த்து வைத்திருக்கிறாள். தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடுங்க. தொட்டதும் சொல்லணும்."

மூடினேன். அரை இறாத்தல் மீன் இரையை முகர்ந்தாலே இந்த நரம்பு வழியாக எனக்குத் தெரிந்துவிடும். நாற்பது முழத்துக்கு அப்பாலிருந்தும் தெரியும். இது ஒரு சாண். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சும்மா இருந்தால் தோற்றுவிடுவேன் என்று பட்டது.

"ஆ, இப்ப. பெருவிரல்."

"நான் இன்னும் தொடவே இல்லைங்க."

கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கவிழ்ந்த கயாக்கின் பக்கத்தில் மிதந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இப்போது வந்தது. அவள் விரல்கள் என் கணுக்காலைப் பிடித்திருந்தன. அந்தப் பிடி தெரிந்தது. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"இப்ப?" என்றாள்.

எத்தனை வருடம் இவளிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் சின்னச் சின்னப் பொய். இன்னொன்று நாக்கு நுனி வரை வந்தது.

"இப்ப? சொல்லுங்க."

"தெரியல," என்றேன்.